நண்டுப் பறியும் மாக்ஸ்வெல்லின் பூதமும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், மேலகரத்தைச் சுற்றியுள்ள சிற்றாற்றுப் பாசன வயல்களில் கார் நடவுக்குத் தண்ணீர் பாயும். வரப்பு வளைகளிலிருந்து வயல் நண்டுகளும் வெளியே வரும். அவற்றைப் பிடித்துக் குழம்பும் ரசமும் வைப்பது நம் கிராமங்களில் பழைய வழக்கம். நண்டு ரசம் சளியைப் போக்குமா என்பதை மருத்துவர்களிடம் விட்டுவிடுவோம். நண்டைப் பிடிக்கும் பறியைப் பற்றிப் பேச மட்டும் பௌதிகம் படிப்பவர்களுக்கு உரிமை உண்டு.

குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம். அந்நூலில் வரும் சிங்கன் பறவைகளுக்குக் கண்ணி வைப்பவன். கண்ணி என்றால் சுருக்கு இறுக வேண்டும். பறியிலோ அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. மூங்கில் குச்சிகளை நாரால் பின்னிய கூடை. அதன் வாயில் உள்நோக்கிச் செருகிய ஒரு புனல். அவ்வளவுதான். நுழைந்த வழி இரவு முழுவதும் திறந்தே கிடக்கிறது. அப்படியும் நண்டு வெளியே வருவதில்லை. ஏன்?

புனலின் அகன்ற வாய் 20 செ.மீ. விட்டமும், உள்முனைத் துளை 5 செ.மீ. விட்டமும் உள்ளவை என்று கொள்வோம். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வெளிவாய் உள்துளையைப் போல் 16 மடங்கு பெரியது. "உள்ளே வருவதற்கு 16 பங்கு வாய்ப்பு, வெளியேற ஒரு பங்குதான்" என்று உடனே சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்!

இது சரியானால், ஒரு காலிப் பெட்டியில் இதே புனலைப் பொருத்தி அறையில் வைத்துவிட்டால் போதுமே. காற்றின் மூலக்கூறுகள் எளிதாக உள்ளே போகும், அரிதாக வெளியே வரும். பெட்டிக்குள் அழுத்தம் தானே ஏறிவிடும். அதைக் கொண்டு செலவில்லாமல் சைக்கிள் ட்யூபுக்குக் காற்றடிக்கலாம்! அப்படி நடப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். அகன்ற வாய்க்குள் நிறைய மூலக்கூறுகள் நுழைவது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை புனலின் சுவரில் மோதி, வந்த பக்கமே திரும்பிவிடுகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு நொடியில் துளையின் வழியே உள்ளே போவனவும் வெளியே வருவனவும் சமமாகவே இருக்கும்.

மூலக்கூறுகளை ஒரே பக்கம் சேர்க்க வேண்டுமானால், துளையருகே ஒரு காவலாளி உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கதவைத் திறக்க வேண்டும். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1867-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இத்தகைய காவலாளியைக் கற்பனை செய்தார். 'மாக்ஸ்வெல்லின் பூதம்' என்று அது பெயர் பெற்றது.

நம் பறியில் பூதம் இல்லை. ஆனால் நண்டும் மூலக்கூறு அன்று. அது உணவை எரித்து, அந்தச் சக்தியில் தானே நடக்கும் பிராணி. அதற்கு ஒரு பழக்கமும் உண்டு: சுவரைத் தொட்டால் அதை ஒட்டியே நடக்கும். வெளியிலிருந்து வரும் நண்டைப் புனலின் சுவரே கைபிடித்துத் துளைக்கு அழைத்துப் போகிறது. உள்ளே விழுந்த நண்டையோ கூடையின் சுவர் சுற்றிச் சுற்றி நடக்கவைக்கிறது. துளை எந்தச் சுவரையும் தொடாமல் நடுவெளியில் தொங்குகிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணுக்குத் தெரியாத சிறு புனல்களை வரிசையாக அமைத்து, 2007-இல் இதையே பாக்டீரியாக்களில் காட்டினார்கள். நீந்தும் பாக்டீரியாக்கள் ஒரு பக்கம் குவிந்தன. நீந்த முடியாதவை குவியவில்லை.

புதிதாகப் பறி செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான். உள்முனை கூடையின் அடித்தளத்தைத் தொட்டால், பிடிபட்ட நண்டு படியிறங்குவதுபோல் வெளியே நடந்துவிடும். முனை ஒரு சாண் உயரத்திலாவது நிற்க வேண்டும். விடியற்காலையிலேயே பறியை எடுத்துவிடவும் வேண்டும்; நேரம் கூடக்கூட எந்த நண்டும் துளையைத் தற்செயலாகக் கண்டுகொள்ளலாம்.

அடுத்தது இரை. கோழிக்குடலோ மீன் தலையோ துணியில் கட்டி உள்ளே வைக்கலாம். வாசனை நண்டை எப்படி எட்டுகிறது? விரவல் மட்டுமே என்றால், நீரில் கரைந்த ஒரு சிறிய மூலக்கூறு ஒரு மீட்டர் தொலைவு பரவ ஏறக்குறைய 16 ஆண்டுகள் ஆகும்! நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் ஓடும் வாய்க்காலோ அதை 10 நொடியில் சேர்த்துவிடும். வாசனை கீழ்நோக்கிப் போகிறது. அதை மோப்பம் பிடித்து நண்டு மேல்நோக்கி வருகிறது. எனவே இரை வைத்த பறியின் வாய் நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். இரை இல்லாமல் மடையில் வைக்கும் மீன் பறிக்கு இது தலைகீழ். அதில் நீரே மீனைக் கொண்டுவந்து தள்ளுவதால் வாய் மேல்பக்கம் பார்க்கும்.

பறியின் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே தெரியும்படி வையுங்கள். தவறி நுழையும் ஆமையும் தண்ணீர்ப் பாம்பும் மூச்சுவிட வேண்டுமல்லவா? வாய்க்காலில் கையை விடும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 40 செ.மீ. ஆழத்தில் இருக்கும் நண்டு, நேர் மேலிருந்து பார்த்தால் 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதுபோல் தெரியும். ஒளிவிலகல் பாடத்தை விரலில் கற்க வேண்டாம்!

வயலும் வாய்க்காலும் போதும். அருவிப் பக்கம் பறியோடு போகாதீர்கள். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. பூச்சிமருந்து தெளித்த வயலின் நண்டும் வேண்டாம். கொதிக்கவைத்தால் மருந்து போய்விடும் என்று நம்ப முடியாது.

பிடித்ததைச் சமைப்பதில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. நன்னீர் நண்டுகளில் சில நுரையீரல் தட்டைப்புழுவின் இளம் பருவத்தைச் சுமக்கின்றன. முதலில் நத்தை, பிறகு நண்டு, கடைசியில் அதை அரைவேக்காட்டில் உண்ட மனிதன் என்று இப்புழு வீடு மாறுகிறது. மணிப்பூர் முதலான வடகிழக்கு மாநிலங்களில் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. இருமலில் இரத்தம் வருவதால் இதைக் காசநோய் என்று எண்ணித் தவறான மருந்து கொடுப்பதும் உண்டு. கொதிநீரில் ஓடு சிவந்ததும் வெந்துவிட்டது என்று இறக்கிவிடக் கூடாது. ஓட்டிலுள்ள புரதம் சூட்டில் சிதைந்து, அதுவரை பிடித்துவைத்திருந்த செந்நிறப் பொருளை விடுவிப்பதே அந்தச் சிவப்பு. அது ஓட்டின் சேதி. உள்ளே சதை வெந்த சேதி அன்று. நன்றாகக் கொதிக்க வேண்டும். நண்டை அறுத்த கத்தியையும் பலகையையும் கையையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வயிற்று மடல் அகன்று வட்டமாக இருந்தால் பெண் நண்டு. குறுகிய முக்கோணமானால் ஆண். கடல் நண்டு இலட்சக்கணக்கில் முட்டையிடும். வயல் நண்டு இடுவது கொஞ்சம்தான். குஞ்சுகளைக்கூட மடலுக்கடியில் சுமந்து திரியும். அத்தகைய தாயைப் பிடித்தால் ஒரு குடும்பமே பானைக்குள் போய்விடும். பெண் நண்டுகளை விட்டுவிடுவதே முறை.

அமெரிக்காவின் லூயிசியானாவில் இதே புனல் தத்துவத்தில், கம்பிவலைக் கூண்டு வைத்து கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ப் பிராணியைப் பிடிக்கிறார்கள். சிங்கி இறாலின் சிறு உருவம் போன்றது அது. இந்தியாவின் இயற்கையில் அது கிடையாது; ஆனால் அலங்கார மீன் வியாபாரத்தில் வந்திருக்கிறது. அதில் ஒரு வகையை 1990-களில் ஜெர்மனியில் தொட்டிகளில் வளர்த்தவர்கள் கண்டு வியந்தனர்: எல்லாமே பெண், ஆணில்லாமலே பெருகும். அது மடகாஸ்கர் தீவின் வயல்களிலும் பரவிவிட்டது. தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன ஒன்றை யாரேனும் சிற்றாற்றில் விட்டால், நம் நண்டுகளின் கதி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடுமுறையில் ஒரு சோதனை செய்யலாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரே வாய்க்காலில் இரண்டு பறிகளை வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு இரை. ஒன்றின் வாய் மேல்பக்கம், மற்றதன் வாய் கீழ்ப்பக்கம். நாள்தோறும் இடத்தை மாற்றி மாற்றிப் பத்து இரவுகள் எண்ணுங்கள். எண்ணிய நண்டுகளை வாய்க்காலிலேயே விடுமுன் முதுகோட்டில் ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்தால், பழைய விருந்தாளிதான் திரும்ப வந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.