லைனரா, வீல் போல்ட்டா?

"அண்ணே, முன் பிரேக் கத்துது. லைனர் மாத்திப் பத்து நாள்தான் ஆச்சு."

மதுரை மேலக்கால் ரோட்டில், கோச்சடை டீக்கடை முன்னால் லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்த தம்பி சொன்னது இது. வண்டிக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். டீ சொல்லச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "கத்துதா, தட்டுதா?"

அவர் முழித்தார். பட்டறைக்கு வருகிற பலரும் இதைக் கவனிப்பதில்லை. சத்தம் என்றால் சத்தம், லைனரை மாற்று, அவ்வளவுதான். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கேட்டுவிட்டால் பாதி வேலை டீக்கடையிலேயே முடிந்துவிடும்.

பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் 'கீச்' என்று இழுத்தால் அது பெரும்பாலும் லைனரின் முகம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் லோடோடு மிதித்துக்கொண்டே இறங்கி வந்த வண்டியில், லைனர் சூடேறி மேல்தோல் கண்ணாடிபோலப் பளபளத்துவிடும். பிடிப்பும் குறையும். கீச் சத்தத்தோடு வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் ஆயில் சீலைப் பாருங்கள். ஹப்பிலிருந்து கிரீஸ் கசிந்து லைனரில் ஏறியிருக்கலாம். கோச்சடைக்காரரிடம் ஆயில் சீலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஃபென்னர் தொழிற்சாலை இதே ரோட்டில் இருக்கிறது. பெல்ட்டும் ஆயில் சீலும் அந்தக் கம்பெனிச் சரக்கு. ஆனாலும் சொல்கிறேன்: கிரீஸ் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டாதீர்கள். அடுத்த சூட்டில் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். சீலை மாற்றி, இரண்டு பக்கத்துக்கும் புது லைனர் போடுவதுதான் வழி.

'கர்ர்' என்று இரும்பு உரசினால் லைனர் தேய்ந்து ரிவெட் டிரம்மைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் ஓட்டினால் டிரம்மும் போகும்.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஏர் பைப்பை வைத்து ஊதி டிரம்மைச் சுத்தம் செய்கிறவர் அதை நேராக நெஞ்சுக்குள் வாங்குகிறார். தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள்.

நம் தம்பியின் வண்டியில் சத்தம் வேறு ஜாதி. முதல் மிதிக்கு ஒரு 'டக்'. அடுத்த மிதிகளுக்கு ஒன்றுமில்லை. ரிவர்ஸ் எடுத்து மிதித்தால் மறுபடி ஒரு 'டக்'. திசை மாறும்போது ஒரு முறை மட்டும் தட்டுகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று இறுக்கமில்லாமல் இருக்கிறது. முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் நகர்ந்து உட்காருகிறது. ஷூ மாட்டியிருக்கும் பின் தேய்ந்திருக்கலாம். ஹப் பேரிங்கோ கிங் பின்னோ ஆடலாம். அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின்.

இங்கே இரண்டுமில்லை. குனிந்து வலது முன்சக்கரத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. இரண்டு நட்டுக்குக் கீழே, அழுத கண்ணில் மை வழிந்ததுபோல, துருக்கோடு இறங்கியிருந்தது. நட்டு இறுக்கமாக இருந்தால் அந்தக் கோடு வராது. ரிம்முக்கும் நட்டுக்கும் நடுவில் இரும்பு அரைபட்டு, அந்தப் பொடி மழையில் துருவாகி ஒழுகியிருக்கிறது.

"பிரேக் சத்தத்துக்கும் வீல் போல்ட்டுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

பல வண்டிகளில் பிரேக் டிரம்மை ஹப்போடு இறுக்கிப் பிடிப்பதே வீல் போல்ட்தான். ரிம், டிரம், ஹப் மூன்றும் ஒரே கட்டு. நட்டு தளர்ந்தால் டிரம்மும் நகரும், மிதித்தவுடன் தட்டும். ஒரு நட்டை அதிகமாகவும் அடுத்ததைக் குறைவாகவும் இறுக்கினால் டிரம் வட்டம் கெட்டு, மிதிக்கும்போது காலில் துடிக்கும். 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனத்திலிருந்து கிளைத்தவைதான் சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா, பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா, போல்ட் நட்டு செய்யும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் மூன்றும். கம்பெனிகள் வேறானாலும் சரக்கு வந்து சேருகிற இடம் ஒரே ஹப்.

வீல் போல்ட்டை ஆணி மாதிரி நினைக்கிறோம், சக்கரம் அதில் தொங்குகிறது என்று. அப்படியில்லை. அது வைக்கோல் வண்டியில் இழுத்துக் கட்டுகிற கயிறு. கயிற்றின் இழுவிசையில்தான் பாரம் நழுவாமல் நிற்கிறது. 22 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 60 கிலோ-மீட்டர் முறுக்கு வேண்டும் என்பார்கள். அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 60 கிலோ ஆள் தொங்குகிற அளவு. (உங்கள் வண்டிக்கான கணக்கை அதன் புத்தகத்தில் பாருங்கள்.) அந்த முறுக்கில் ஒவ்வொரு போல்ட்டும் பத்து டன்னுக்கு மேல் இழுத்துப் பிடிக்கிறது. அதற்காக அது நீளுவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. நடுவில் ஒரு பூச்சுப் பெயிண்டோ துருச் செதிலோ இருந்து, ஓட ஓட நொறுங்கிவிட்டால் அந்த நீட்சி போய்விடும். கயிறு தளர்ந்ததுபோலத்தான்.

ஒடிந்த போல்ட் ஒன்றை ரொம்ப நாளாக வைத்திருக்கிறேன். முறிந்த முகத்தில் ஒரு பக்கம் வழவழப்பாக, பிறைபோல வரி வரியாக இருக்கும்; துருவும் ஏறியிருக்கும். மறுபக்கம் உடைத்த வெல்லம் மாதிரி சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்புத்தான் கடைசி நாளில் ஒடிந்தது. வழவழப்பு, பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த கீறல். ஒன்று ஒடிந்தால் அதன் பாரத்தை இரு பக்கத்துப் போல்ட்டும் சுமந்திருக்கும். அவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு ஒடிந்திருந்தால் அந்தச் சக்கரத்துக்கு மொத்த செட்டையும்.

தளர்வுக்குப் பயந்து பைப் போட்டு அதன்மேல் ஏறி மிதிக்கிறவர்களும் உண்டு. அளவு மீறி இழுத்த போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. புது நட்டைக் கையாலேயே மரையில் ஓட்டிப் பாருங்கள். பாதியில் சிக்கினால் போல்ட் இழுபட்டுவிட்டது. சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை இருக்கும். அது தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இறுக்கியே ஒடித்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒன்று ஒடித்தேன்.

தம்பியின் சக்கரத்தைக் கழற்றினோம். லைனர் புதுசு, ஒரு குறையுமில்லை. டிரம்மின் முகத்தில் பளபளவென்று பெயிண்ட். லைனர் வேலையின்போது அழகுக்கு அடித்திருக்கிறார்கள். சுரண்டி எடுத்து, இழுபட்ட போல்ட்டுகளை மாற்றி, எதிரெதிர் நட்டாக இறுக்கினோம். 'டக்' போய்விட்டது.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். மதுரையிலிருந்து தேனி சுமார் 75 கிலோமீட்டர். அங்கே சாப்பிட்டுவிட்டு, டிரம் ஆறியபின் வீல் ஸ்பேனரை எடுங்கள்.