மூடுபனியில் ஒரு காடு

நுழையும்முன்

கண்ணைக் கவரும் காட்சிகளைக் கைப்பேசியில் பதிவுசெய்யாதவர் இன்று அரியர். எனினும், நேரில் கண்ட அழகு படத்தில் இல்லையே என்னும் ஏக்கம் பலருக்கும் உண்டு. கண் காண்பதற்கும் கருவி பதிவதற்கும் இடையே உள்ள தொலைவே அதற்குக் காரணம். அத்தொலைவை நேர்மையாகக் கடப்பது எவ்வாறு? இங்கிலாந்து நாட்டுக் காடு ஒன்றின் இலையுதிர்காலக் காலைப்பொழுதைக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது.

நவம்பர் மாதத் தொடக்கம். காலை ஏழு மணி. இலண்டன் மாநகரின் வடகிழக்கே ஏறத்தாழ 2,400 எக்டேர் பரப்பில் விரிந்துள்ள எப்பிங் காடு மூடுபனியில் மூழ்கியிருக்கிறது. அருகில் நிற்கும் மரம் தெளிவாகத் தெரிகிறது. அதற்கு அப்பால் உள்ளது நிழலாகத் தோன்றுகிறது. அதற்கும் அப்பால் வெண்மை மட்டுமே உள்ளது. கிளைகளிலிருந்து நீர்த்துளிகள் சொட்டும் ஓசையன்றி வேறோசை இல்லை. ஒளிப்படக் கலைஞர் பலர் ஆண்டு முழுவதும் காத்திருப்பது இத்தகைய ஒரு காலைக்காகவே.

இலைகளின் வண்ணம்

நம் இலக்கணம் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. அவற்றுள் இலையுதிர்காலம் எனத் தனியொரு பொழுது இல்லை. முதுமலை போன்ற நம் காடுகளில் தேக்கு முதலிய மரங்கள் நீர் குறையும் வறண்ட காலத்தில் இலையுதிர்க்கின்றன. இங்கிலாந்திலோ பகற்பொழுது குறுகுவதும் குளிர் மிகுவதும் இலையுதிர்வைத் தொடங்கிவைக்கின்றன.

அப்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. பச்சை நீங்கவே, அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகளின் மஞ்சளும் ஆரஞ்சும் வெளிப்படுகின்றன. மேப்பிள் போன்ற மரங்களில் காணும் செந்நிறம், ஆந்தோசயனின் என்னும் நிறமி அப்பருவத்தில் புதிதாக உருவாவதால் தோன்றுவதாகும். எப்பிங் காட்டில் மிகுதியாக உள்ளவை பீச், ஹார்ன்பீம், ஓக், பிர்ச் ஆகிய மரங்கள். பீச் செம்பு நிறமும், ஹார்ன்பீமும் பிர்ச்சும் மஞ்சள் நிறமும், ஓக் பழுப்பு நிறமும் கொள்கின்றன. ஆகவே, இக்காட்டின் வண்ணம் பெரிதும் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடைப்பட்டது. இச்செய்தியை நினைவில் கொள்க. பின்னர் இது பயன்படும்.

இக்காட்டு மரங்களின் வடிவமும் தனித்தன்மை உடையது. முற்காலத்தில் சுற்றுப்புற மக்கள் விறகுக்காக மரங்களை ஆளுயரத்திற்கு மேலே தறித்தனர். புதிய தளிர்களைக் கால்நடைகள் மேய்ந்துவிடாதிருக்கவே அவ்வுயரத்தில் தறித்தனர். 1878ஆம் ஆண்டு இயற்றப்பட்ட எப்பிங் காட்டுச் சட்டத்திற்குப் பின் அவ்வழக்கம் முடிவுக்கு வந்தது. தறித்த இடத்தில் முளைத்த கிளைகள் அதன்பின் தடையின்றிப் பருத்து வளர்ந்தன. தடித்த அடிமரமும் அதன் தலையிலிருந்து பல கைகளாக எழும் கிளைகளும் கொண்ட முதுமரங்களை இன்றும் அங்கே காணலாம்.

மூடுபனி தோன்றும் முறை

முகிலும் காற்றும் இல்லாத நீண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. நிலத்தையொட்டிய ஈரக்காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் தன் நீராவி முழுவதையும் தாங்க இயலாதபோது அந்நீராவி நுண்துளிகளாக மாறி மிதக்கிறது. பார்வைத் தொலைவு ஒரு கிலோமீட்டருக்குக் குறையும்போது அதனை மூடுபனி என வானிலையாளர் வரையறுப்பர். அத்துளிகள் ஒளியலையின் நீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. எனவே, அவை எல்லா வண்ணங்களையும் ஏறத்தாழச் சமமாகச் சிதறச்செய்கின்றன. மூடுபனி வெண்மையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

நமக்கும் ஒரு மரத்திற்கும் இடையே உள்ள தொலைவு கூடக்கூட, இடைப்பட்ட துளிகளும் கூடுகின்றன. அதனால் மரத்தின் கருமை வெளுக்கிறது, வண்ணம் மங்குகிறது, விளிம்பு கரைகிறது. தொலைவு கூடும்போது பொருள்கள் இவ்வாறு வெளிறித் தோன்றுவதை லியோனார்டோ டா வின்சி ஓவியர்களுக்கென எழுதிய குறிப்புகளில் ஆராய்ந்துள்ளார். மலைத்தொடரில் பல கல் தொலைவில் காணும் இவ்விளைவை மூடுபனி சில பத்து மீட்டருக்குள் நிகழ்த்திக்காட்டுகிறது.

காட்சியை அமைத்தல்

காட்டைப் படமெடுப்பது எளிதன்று. நூறு மரங்களும் ஆயிரம் கிளைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், கண் எதில் நிலைகொள்வது என அறியாது தவிக்கும். மூடுபனி பின்னணியை மறைத்து அக்குழப்பத்தைக் குறைக்கிறது. எஞ்சிய பணியைக் கலைஞரே செய்தல் வேண்டும்.

முதலில், படத்தின் தலைமை மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அடிமரத்தை வேறொரு மரம் மறைக்காத இடத்தில் நிற்க வேண்டும். இரண்டடி இடப்புறம் நகர்ந்தால் ஒட்டிநின்ற இரு மரங்கள் பிரிந்து, அவற்றிடையே வெண்ணிற வெளி தோன்றும். அவ்வெளியே படத்திற்கு ஆழம் தருகிறது. அண்மை மரம் கருமையாகவும் இடைமரங்கள் சாம்பல் நிறமாகவும் சேய்மை மரங்கள் வெளிறியும் அமைந்தால், தட்டையான தாளிலும் தொலைவு புலப்படும். அடுத்து, படத்தின் நான்கு விளிம்புகளையும் நோக்க வேண்டும். ஓரத்தில் பாதியாக நுழையும் கிளையும், மேலே இலைகளுக்கிடையே தெரியும் வெறும் வானமும் பார்வையை வெளியே இழுத்துவிடும்.

கருவியைக் கையாளுதல்

கருவியிலுள்ள ஒளிமானி, எதிரில் உள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறச் செறிவு உடையது எனக் கருதியே ஒளியளவைக் கணிக்கிறது. வெண்ணிற மூடுபனியையும் அவ்வாறே கருதுவதால் படம் இருண்டு, பனி அழுக்குச் சாம்பலாகத் தோன்றும். ஆகவே, ஒளியளவை அரைப்படி முதல் ஒருபடி வரை கூட்டுதல் வேண்டும். ஒருபடி கூட்டுதல் என்பது ஒளியை இருமடங்கு ஆக்குவதாகும்.

வைகறையில் ஒளி குறைவு. வில்லைத்துளையை எஃப் 8 அல்லது எஃப் 11 என வைத்தால் ஒளிபதியும் நேரம் நீளும். அப்போது கை நடுக்கம் படத்தைக் கெடுக்கும் என்பதால் முக்காலி தேவைப்படுகிறது. தெளிவற்ற பரப்பில் தானியங்கிக் குவியம் தடுமாறுமாதலால், அண்மை மரத்தின் கூரிய விளிம்பில் குவியத்தை நிறுத்த வேண்டும். ஈர இலைகளின் மேல் படரும் வெள்ளொளியை முனைவாக்க வடிகட்டி குறைக்கும். மறைந்திருந்த வண்ணம் வெளிப்படும். வில்லையின் மீது படியும் ஈரத்தை அடிக்கடி துடைத்தலும் இன்றியமையாதது.

வண்ணத்தைச் செப்பனிடுதல்

படத்தை ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் ஒவ்வோர் அடிப்படை வண்ணத்திற்கும் 256 நிலைகளே கிடைக்கும். 14 பிட் ‘ரா’ கோப்பிலோ 16,384 நிலைகள் உண்டு. வெண்மைக்கும் வெளிர்சாம்பலுக்கும் இடையேயான நுண்ணிய வேறுபாடுகளால் ஆன மூடுபனிப் படத்திற்கு இவ்வளம் பெரிதும் உதவும்.

கணினியில் திறந்தவுடன் அப்படம் உயிரற்றுத் தோன்றக்கூடும். மாறுபாட்டையும் வண்ணச் செறிவையும் கூட்டத் தூண்டும் இடமும் அதுவே. மாறுபாட்டை மிகுதியாகக் கூட்டினால் பனி விலகி, தொலைமரங்கள் முன்னே வந்துவிடும். எதற்காக அதிகாலையில் எழுந்தோமோ அதனையே நாம் அழித்தவராவோம். எனவே, அண்மை மரத்தின் கருமையை மட்டும் சிறிது ஆழப்படுத்தி, தொலைவை அப்படியே விட்டுவிடுதல் நன்று. வண்ணச் செறிவை ஒட்டுமொத்தமாகக் கூட்டாமல், புல்லின் பச்சையைச் சற்றுத் தணித்தால் பீச் இலைகளின் செம்புநிறம் தானே மேலெழும்.

எப்பிங் காட்டின் வண்ணம் மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடைப்பட்டது என முன்னர்க் கண்டோம். ஒரே அசைவில் அம்மஞ்சளை மேப்பிளின் செந்நிறமாக மாற்றக் கணினியால் இயலும். காண்போர் வியந்து பாராட்டவும் கூடும். ஆயினும் அது எப்பிங் காடு அன்று. எங்கும் இல்லாத ஒரு காடு. பீச் இலை எவ்வாறு நிறம் மாறும் என அப்படத்தைக் கொண்டு அறிய முயலும் மாணவர் பிழையாகவே அறிவார். கருவி தவறவிட்டதை மீட்பது செப்பனிடுதல். காட்டில் இல்லாததைப் புகுத்துவது புனைதல். புனைவும் ஒரு கலையே. ஆனால், புனைவைப் பதிவு எனக் கூறுதல் பொய்யாகும். செய்தி ஒளிப்படத்திலும் இயற்கை ஒளிப்படப் போட்டிகள் பலவற்றிலும் படத்தில் ஒரு பொருளைச் சேர்க்கவோ நீக்கவோ இசைவு இல்லாமைக்குக் காரணம் இதுவே.

தெரிந்து தெளிவோம்

இவ்வினா கணினியோடு பிறந்ததன்று. ஹென்றி பீச் ராபின்சன் 1858இல் ஐந்து எதிர்ப்படிகளை இணைத்து ஒரே படத்தை உருவாக்கினார். இவ்வாறு இணைத்து அமைக்கும் முறையைப் பீட்டர் ஹென்றி எமர்சன் கடுமையாக எதிர்த்தார். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியின் நீர்நிலைகளையும் அங்கு வாழ்ந்த மக்களையும் படமெடுத்த அவர், ஒளிப்படம் இயற்கைக்கு உண்மையாக இருத்தல் வேண்டும் என 1889இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார்.

கதிரவன் மேலேற, நிலம் வெப்பமடைந்து மூடுபனி கலைகிறது. ஒன்பது மணிக்குள் அக்காட்சி இல்லாமற் போகலாம். அடுத்த வாரம் இலைகளும் உதிர்ந்திருக்கலாம். அக்காலையில் அங்கு இல்லாதவர்க்கு, அங்கிருந்தவர் கொண்டுவரும் படமே சான்று. அழகாக எடுப்பது அவர்தம் திறன். உள்ளவாறு கொண்டுவருவது அவர்தம் கடமை. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைப் பனி சூழ்ந்த அந்த முதுமரங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் மரம் ஒன்றைக் காலை, நண்பகல், மாலை என மூன்று பொழுதுகளில் ஒரே இடத்திலிருந்து படமெடுத்து, ஒளியாலும் வண்ணத்தாலும் அமைந்த வேறுபாடுகளை எழுதுக.

2. அப்படங்களுள் ஒன்றைச் செப்பனிட்டு, நீங்கள் செய்த மாற்றங்களைப் பட்டியலிடுக. அவற்றுள் மீட்டவை எவை, புனைந்தவை எவை என வகைப்படுத்துக.

3. ‘ஒளிப்படம் – கலையா? சான்றா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.