மாயப் பைக்கும் உண்டு எல்லை!

எவ்வளவு போட்டாலும் கொள்ளும், தூக்கினால் கனக்காது. இப்படி ஒரு பை கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் கதைகளில் வரும் மாயப் பாத்திரங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. மகாபாரதத்து அட்சய பாத்திரம், திரௌபதி சாப்பிட்டு முடித்துவிட்டால் அன்றைக்கு எதுவும் தராது. மணிமேகலையின் அமுதசுரபி, ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகே குறையாமல் சோறு வழங்கியது.

இத்தகைய கட்டுப்பாடுகளை எண்களாகவே எழுதி வைத்த விளையாட்டு, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கியது. பேப்பர், பென்சில், பகடை போதும். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் பாத்திரங்களாக ஆடுவார்கள். ஓசூரில் நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் விளையாடுகிறோம். எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் வருவது, பேக் ஆப் ஹோல்டிங் என்னும் மாயப் பையால்தான்.

இரண்டு அளவுகள்

2014ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, இந்தப் பையில் 500 பவுண்ட் (சுமார் 227 கிலோ) எடை வரை, 64 கன அடிக்கு மிகாமல் வைக்கலாம். உள்ளே எது இருந்தாலும் தூக்கும் எடை 15 பவுண்ட்தான். இரண்டில் எது முதலில் நிறைகிறதோ, அதுவே எல்லை. கிருஷ்ணகிரி கிரானைட் என்றால் மூன்று கன அடியிலேயே எடை முடிந்துவிடும். தெர்மாகோல் என்றால் இடம் தீர்ந்தாலும் எடை மிச்சமிருக்கும். புதையலுக்கும் கணக்கு உண்டு. 50 நாணயம் ஒரு பவுண்ட் என்பதால், 25,000 நாணயத்தோடு நிறுத்திட வேண்டும். மீறினால் பை கிழியும். மாதக்கணக்கில் சேர்த்ததெல்லாம் ஆஸ்ட்ரல் பிளேன் என்ற வேறு உலகில் சிதறிவிடும்.

ஆளை ஒளித்து வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் மூச்சுக்காற்று மொத்தம் 10 நிமிடத்துக்குத்தான். ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 2 நிமிடம்.

பைக்குள் பை?

போர்ட்டபிள் ஹோல் என்பது மடித்து வைக்கும் துணி. விரித்தால் 10 அடி ஆழக் குழி. அதற்குள் மாயப் பையை வைத்தால் இரண்டும் உடனே அழியும். பக்கத்தில் 10 அடிக்குள் இருப்பவர்களும் அந்த வேறு உலகுக்கு இழுக்கப்படுவார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில்...

16 ஜிபி பென் டிரைவ் காலியாக இருந்தும், 5 ஜிபி கல்யாண வீடியோ ஏற மறுக்கிறதா? இங்கும் இரண்டு அளவுகள்தான் காரணம். பேட்32 முறையில் பார்மட் செய்த டிரைவில், தனி பைல் ஒன்று 4 ஜிபியைத் தொட முடியாது. டிரைவில் உள்ளதை முதலில் வேறு இடத்தில் காப்பி செய்திடவும். பின் டிரைவ் மீது ரைட் கிளிக் செய்து, பார்மட் தேர்ந்தெடுத்து, எக்ஸ்பேட் என மாற்றவும். பார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு போல்டரை அதற்குள்ளேயே காப்பி செய்து பாருங்கள். விண்டோஸ் மறுத்துவிடும். மாயப் பை இப்படி எச்சரிப்பதில்லை. வெடித்த பிறகுதான் தெரியும்.

இந்த விளையாட்டின் அடிப்படை விதிகள், சிஸ்டம் ரெபரன்ஸ் டாக்குமென்ட் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விளையாட விரும்புபவர்கள் பையில் இருப்பதை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் பொருள், எடை, கன அடி என மூன்று பத்திகளாகப் பட்டியலிட்டு, கீழே கூட்டல் பார்முலா கொடுத்துவிடுங்கள். புதையலும் தப்பும், ஸ்ப்ரெட்ஷீட்டும் பழகிவிடும்.