ஆரஞ்சுப் பட்டை போட்ட பீப்பாய்

காய்ச்சல் இல்லை, வலி இல்லை. வேறு எதற்கோ ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு, லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருப்பதாக ரிப்போர்ட் வருகிறது. நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய் பலருக்கும் இப்படித் தற்செயலாகத்தான் தெரியவருகிறது. அந்த ரத்தத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், முழு அணுக்களுக்கு நடுவே நசுங்கிய கறைகள் தெரியும். தேய்க்கும்போதே உடைந்துபோகிற அளவுக்குத் தெம்பில்லாத அணுக்கள் அவை.

"எதனால வந்துச்சு டாக்டர்?" என்ற கேள்விக்கு வயது, குடும்ப வழி என்று சொல்லலாம்; பெரும்பாலோருக்கு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒரு கூட்டத்துக்கு மட்டும் அரசாங்கமே பதில் சொன்னது.

வியட்நாம் போரில் 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் காடுகள் மீதும் வயல்கள் மீதும் களைக்கொல்லி தெளித்தன. எதிரி ஒளிய இலை இருக்கக் கூடாது, உண்ணப் பயிர் இருக்கக் கூடாது என்பது திட்டம். அதிகம் தெளிக்கப்பட்ட கலவையின் பீப்பாய்களில் ஆரஞ்சு நிறப் பட்டை இருந்ததால் அதற்கு 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்று பெயர். 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகளும் அதில் சரிபாதி. இரண்டாவதைத் தயாரிக்கும்போது டையாக்ஸின் என்ற நஞ்சும் சேர்ந்தே உருவானது. முதலாவது இன்றும் நம் ஊர் உரக்கடைகளில் விற்பனையாகிறது.

2003-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழு, இந்தக் களைக்கொல்லிகளுக்கும் நாள்பட்ட லிம்போசைட் புற்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்லப் போதிய சான்று உண்டு என்றது. அந்தச் சான்றில் பெரும்பங்கு போர்க்களத்தில் கிடைத்ததல்ல, மருந்தடித்த விவசாயிகளிடம் கிடைத்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கதிர்வீச்சின் கதை வேறு. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடம் இன்னொரு நாள்பட்ட வகையான மைலாய்டு புற்று கூடியது. லிம்போசைட் வகை ஜப்பானியருக்கு வருவதே அபூர்வம் என்பதால், அதற்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தமில்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் அங்கே துப்புரவு வேலை பார்த்த 1.1 லட்சம் உக்ரைனியரை 20 ஆண்டுகள் கண்காணித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவர்களில் ரத்தப் புற்று வந்த 137 பேரில் 79 பேருக்கு லிம்போசைட் வகை. கதிர்வீச்சு ஏற ஏற அபாயமும் ஏறியிருந்தது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற ரசாயனத்தின் மீதும் சந்தேகம் உண்டு; அதன் மீதுள்ள உறுதியான குற்றச்சாட்டு, திடீரெனத் தாக்கும் மைலாய்டு வகை பற்றியது. நாள்பட்ட வகைகளில் வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்காக டியூப் போட்டுப் பெட்ரோலை வாயால் உறிஞ்சலாம் என்று அர்த்தமில்லை!

இந்த ஆய்வுகள் எதுவும், 'இவருக்கு இதனால்தான் வந்தது' என்று தனியொருவரைக் காட்டிச் சொல்லாது. அதனால்தான் அமெரிக்கா தன் முன்னாள் சிப்பாய்களிடம் அந்த நிரூபணத்தைக் கேட்பதில்லை. வியட்நாமில் பணியாற்றியிருந்து இந்த நோயும் வந்திருந்தால் நிவாரணம் உண்டு. அதே மண்ணில் வாழ்ந்த வியட்நாமியர் களைக்கொல்லி தயாரித்த கம்பெனிகள் மீது போட்ட வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 2005-இல் தள்ளுபடி செய்தது. 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மேல்முறையீட்டை விசாரிக்கவே மறுத்துவிட்டது.