பாயில் விழித்திருக்கும் பிள்ளை



இரவு பத்து மணி. அடுத்த வீட்டில் சட்டி பானை உருள்கிறது. பிறகு ஓர் அடி, ஒரு விசும்பல். "புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன?" என்று நாம் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம். காலையில் அந்த அக்காள் முகத்தை முக்காட்டில் மறைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறாள். கேட்டால், "குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தேன்" என்கிறாள்.

குளுவாங், சிகாமட், கூலாய்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் நம்மோடு கூடவே வந்துவிட்டது.

"ஏன் பொறுத்துக்கொள்கிறாய்?" என்று அவளைக் கேளுங்கள். "எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்" என்பாள்.

அந்தப் பிள்ளையைச் சற்றுப் பாருங்கள். பாயில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறான், ஆனால் தூங்கவில்லை. அப்பாவின் காலடி ஓசையைக் கேட்டே, இன்று அடி விழுமா விழாதா என்று கணக்குப் போடுகிறான். மறுநாள் பள்ளியில் பாடம் ஏறுமா? "மக்கு" என்று பெயர்தான் கிடைக்கும். அவன் மேல் ஓர் அடிகூட விழாமல் இருக்கலாம். ஆனாலும் அடிபட்டவன்தான் அவனும்.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1990-களில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றி விசாரித்தார்கள். 'உன் தாய் அடிபட்டதைக் கண்டாயா?' என்பதும் அதில் ஒரு கேள்வி. இத்தகைய துன்பங்கள் பல சேர்ந்து வளர்ந்தவர்களிடம் குடிப்பழக்கமும், மனச்சோர்வும், தற்கொலை முயற்சியும், இருதய நோயும்கூட அதிகமாகக் காணப்பட்டன. அன்றைய பயம் நாற்பது வயதிலும் உடம்பை விட்டுப் போவதில்லை.

ஆனால் இது தலையெழுத்தல்ல. அன்பான ஒரு பாட்டியோ, மாமாவோ, ஆசிரியரோ உறுதுணையாக நின்றால் பிள்ளை தேறிவிடும். அப்படி வளர்ந்தவர் நீங்களாக இருந்தால், உங்கள் கோபத்துக்கும் நடுக்கத்துக்கும் வேர் எங்கே என்று அறிந்துகொள்ளுங்கள். அது உங்கள் குற்றமல்ல. மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுவதில் வெட்கமும் இல்லை.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. பெண்கள் இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறி, 1996 ஜூன் முதல் அமலுக்கு வந்தது. மனத்தை வதைப்பதும் வன்முறையே என்று 2012-இல் திருத்தம் சேர்ந்தது. "கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லையே!" என்று அஞ்ச வேண்டாம். சமய வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால் பதிவில்லாத மனைவிக்கும் இச்சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

2018 முதல் இன்னொரு வழியும் உண்டு. அடிபட்டவரோ, அடி விழும் என்று அஞ்சுபவரோ சமூகநல இலாகாவில் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். இரண்டு மணி நேரத்திற்குள் அது வழங்கப்பட வேண்டும்; ஏழு நாள் செல்லும். போலீஸ் புகார் முதலில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. புகார் செய்தால், விசாரணை முடியும்வரை நீதிமன்றத்தின் இடைக்காலப் பாதுகாப்பும் பெறலாம். காயம் பட்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள்; அந்த அறிக்கையே உங்கள் சாட்சி. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கொஞ்சம் பணம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். 'தாலியான் காசே' எண் 15999. உயிருக்கு ஆபத்தென்றால் 999.

அண்ணன்மார்களே, வேலைக் களைப்பும் கடன் தொல்லையும் உங்களுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓங்கிய கையை இரண்டு சின்னக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நீங்களும் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்தானே?

அக்கம்பக்கத்தாரே, இனி அந்தச் சத்தம் கேட்டால் வானொலியைக் கூட்டாதீர்கள். உதவிக்கு அழையுங்கள். பக்கத்து வீட்டுப் பாயில் ஒரு பிள்ளை விழித்திருக்கிறது.