பள்ளி லாகினுக்கு ஒரே வாசல் போதாது

திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றுக்கு லாகின் எழுதப் போகிறேன் என்கிறாய். டீ வரட்டும் தம்பி, அதற்குள் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்வோம். உள்ளே வருபவர் யார்? வந்தவர் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம்? பள்ளி மென்பொருள்கள் பலவும் குழம்புவது இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவதால்தான்.

சென்னைத் துறைமுக வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பாஸைப் பார்த்து ஆளை உறுதி செய்கிறார்கள். வாசலைத் தாண்டிவிட்டதாலேயே லாரி டிரைவர் நினைத்த இடத்துக்கெல்லாம் போய்விட முடியாது. ஆள் யார் என்பது வேறு, அனுமதி வேறு.

நம் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தைப் பார். பள்ளிக்கு 33-இல் தொடங்கும் 11 இலக்க யூடைஸ் எண், ஆசிரியருக்கு 8 இலக்க எண், மாணவருக்கும் நீளமான தனி எண். பிள்ளை பள்ளி மாறும்போது பழைய பள்ளி ‘காமன் பூல்’ என்ற பொதுத் தொகுப்பில் விட, புதிய பள்ளி அங்கிருந்து சேர்த்துக்கொள்ளும். பிள்ளையின் எண் மாறுவதில்லை, பள்ளியோடு உள்ள உறவுதான் மாறுகிறது. இதை நல்ல ஏற்பாடு என்பேன். நீயும் ஆளுக்கு ஒரே பதிவு வை. பொறுப்புகளை அதில் சேர்க்கவும் கழற்றவும் முடியட்டும். ஆசிரியையின் மகள் அதே பள்ளியில் படித்தால் ஒரே லாகினில் இரண்டு பொறுப்பு. தலைமையாசிரியர் விடுப்பில் போனால், பொறுப்பு ஆசிரியருக்கு அவர் திரும்பும் தேதிவரை மட்டும் கூடுதல் அனுமதி. பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் வேலை இருக்காது.

அதிகாரிகளின் எல்லையைக் கோடிங்குக்குள் எழுதிவிடாதே. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. திருவொற்றியூர் வட்டம் 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. எந்தப் பள்ளி யாருக்குக் கீழ் என்பது தனி அட்டவணையாக இருந்தால், இப்படி எது மாறினாலும் அங்கே திருத்தினால் போதும்.

பெற்றோருக்கான வாசல்தான் கடினம். போன் எண்ணைக் கொடு, ஓடிபி வரும் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். காசிமேட்டு விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கிவிடும். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவோடு போய்விட்டது என்றால் ஓடிபி யாருக்கு? எண்ணூர், மணலிப் பக்கம் வேலைக்கு வந்த வட மாநிலக் குடும்பங்களில் சிம் மாறினால் பழைய எண் செத்துப்போகும். ஆகவே ஒரு பிள்ளைக்கு இரண்டு எண்களைப் பதிவு செய், அம்மாவின் எண் முதலில் இருக்கட்டும். இரண்டும் கிடைக்காவிட்டால் வகுப்பாசிரியர் நேரில் பார்த்து, ஒருநாள் செல்லும் எண் ஒன்றைத் தரட்டும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் அத்தனை நீள எண்ணை அடிக்க முடியாது. கியூஆர் அட்டை கொடு. தொலைந்தால் ஆசிரியரே புதிது எடுத்துத் தருவார், பழையது அப்போதே செல்லாததாகிவிட வேண்டும். இந்த உரிமை அவரவர் வகுப்புக்கு மட்டும். யார், எப்போது மாற்றினார்கள் என்ற பதிவும் கட்டாயம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. உன் தளத்தில் இருக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தேவைக்கு மேல் ஒரு விவரத்தையும் எவர் கண்ணிலும் காட்டாதே.

வேலையைத் தொடங்குமுன் பள்ளி விடும் நேரத்தில் ஒருநாள் வாசலில் போய் நில். பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மாக்களிடம், வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்து எழுது.