தக்காளிக் காயின் நுனியழுகல்

தக்காளிக் காயின் பூமுனையில் நீர்கோத்தாற்போன்ற புள்ளி தோன்றிப் பின்னர் கருத்துக் குழிவதுண்டு. இது கிருமியால் விளைவதன்று. ஆகவே பூசணக்கொல்லிக்குச் செலவிடும் பணம் வீணே. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போதாமையே காரணமாகும். வேர் உறிஞ்சும் நீருடன் மேலேறும் இச்சத்தில் பெரும்பகுதி இலைகளுக்கே செல்கிறது. மண் காய்வதும் நனைவதுமாக இருப்பின் காய்க்குக் கிட்டுவது மேலும் குறையும்.

உடும்பஞ்சோலை போன்ற ஏலமலைப் பகுதிகளில் பெருமழை இச்சத்தைக் கரைத்துச் செல்வதால் மண் புளிப்புத்தன்மை பெறுகிறது. அங்கு மண்ணைச் சோதித்து, நடவுக்கு முன்பே சுண்ணாம்பு இடுதல் வேண்டும். சருகு மூடாக்கிட்டு, ஈரம் ஒரே அளவாய் நிற்குமாறு நீர் பாய்ச்சுதல் நன்று. தழைச்சத்து மிகுதல் ஆகாது. அழுகிய காய் மீண்டும் நலமுறாது, அதனைக் கிள்ளிவிடலாம். லிட்டர் நீருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கரைத்து இளங்காய்ப் பருவத்தில் தெளிப்பது ஓரளவு உதவும். எனினும் சீரான ஈரமே முதன்மையான மருந்தாகும்.